துக்கத்தின் பெயரால்

ஒரு நாட்டின் தலைவர் கொலையுண்டு வீழும்போது இரண்டு விசாரணைகள் தொடங்குகின்றன. ஒன்றைக் காவல்துறையும் நீதிமன்றமும் நடத்துகின்றன. அதற்குச் சாட்சிகள் வேண்டும், தடயங்கள் வேண்டும், பல ஆண்டுகளும் வேண்டும். மற்றொன்றை மக்கள் நடத்துகிறார்கள். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் வீட்டுத் திண்ணையிலும் அது அன்றிரவே தொடங்கி, பொழுது புலர்வதற்குள் தீர்ப்பும் கூறி முடிந்துவிடுகிறது. முதல் விசாரணையைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. இரண்டாவதைப் பற்றி, அதாவது நம்மைப் பற்றி, நாம் பேச விரும்புவதில்லை.

1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின் தமிழ் மக்கள் நடந்துகொண்ட முறையின்மேல் ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் ஒரு சாரார் கொலையாளிகளின் பழியை ஒரு மக்கள் கூட்டத்தின் தலைமேல் சுமத்தினர். மறு சாரார் அதே மக்கள் கூட்டத்தின் துயரைச் சொல்லிக் கொலைக்கு நியாயம் கற்பித்தனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவர் எனக் கருதினாலும், செய்த பிழை ஒன்றே. கொன்றவர் யார், மாண்டவர் யார் என்று ஆள் ஆளாகப் பார்ப்பதற்கு இருவருமே மறுத்துவிட்டனர்.

நடந்தது என்ன?

எந்த அரசியல் நிலைப்பாடு உடையவரும் மறுக்கவியலாத செய்திகளை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். முன்னாள் பிரதமரும் காங்கிரஸ் கட்சியின் தலைவருமான ராஜீவ் காந்தி நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரத்துக்காகத் திருப்பெரும்புதூர் வந்தார். இரவு பத்து மணிக்குப் பின், தனு என்னும் பெண் தன் உடலில் கட்டியிருந்த வெடிகுண்டை வெடிக்கச் செய்தாள். ராஜீவ் காந்தியோடு 15 பேர் மாண்டனர். அவர்களுள் 9 பேர் காவல்துறையினர். 43 பேர் காயமுற்றனர். குண்டைச் சுமந்து வந்த பெண்ணும், அந்நிகழ்ச்சியைப் படமெடுக்க அமர்த்தப்பட்டிருந்த இளைஞரும் அங்கேயே இறந்தனர். அந்த இளைஞரின் புகைப்படக் கருவி அழியாமல் கிடைத்தது. அதனுள் இருந்த படங்களே புலனாய்வுக்கு வழிகாட்டின. இக்கொலையைத் திட்டமிட்டு நடத்தியது விடுதலைப் புலிகள் இயக்கமே என்பது 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் உறுதியாயிற்று.

ஆக, கொன்றவர்களுக்குப் பெயர் உண்டு. அவர்களை அனுப்பிய இயக்கத்துக்கும் பெயர் உண்டு. மாண்டவர்களுக்கும் தனித்தனியே பெயர் உண்டு. இந்தப் பெயர்களைக் கடந்து வெறுப்பையும் பரிவையும் மக்கள் கூட்டங்களின்மேல் மொத்தமாக அள்ளி வீசுவதற்கு நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

நாடு கல்லாத பாடம்

இப்பிழை 1991இல் புதிதாகப் பிறந்ததன்று. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டபோது, கொன்றவன் ஓர் இந்து என்பதை வானொலிச் செய்தியில் தெளிவாகச் சொல்லவேண்டிய கட்டாயம் அரசுக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அன்றிரவு எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் அழிந்திருக்குமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். மக்களின் துக்கம் எந்தத் திசையில் பாயும் என்பதை ஆள்வோர் நன்கு அறிந்திருந்தனர். அப்படியும் துக்கம் சும்மா இருக்கவில்லை. நாதுராம் கோட்சே சித்பவன் பிராமணன் என்று தெரிந்ததும் புனே, சாத்தாரா, கோலாப்பூர், சாங்லி முதலிய பகுதிகளில் பிராமணரின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன, உயிர்களும் போயின. அகிம்சையைப் போதித்தவரின் மரணத்துக்கு அஞ்சலி செலுத்தக் கையில் தீவட்டி எடுத்தவர்களை என்னென்பது?

அதே நாள்களில் வேறு சிலர் இனிப்பு வழங்கி மகிழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. உள்துறை அமைச்சராயிருந்த வல்லபாய் படேல் 1948 செப்டம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் கோல்வால்கருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். தீவட்டியும் இனிப்புப் பொட்டலமும் ஒரே வாரத்தில் ஒரே நாட்டில் கைமாறின.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தம் இல்லத்திலேயே மெய்க்காவலர் இருவரால் சுடப்பட்டார். சுட்டவர்கள் பியாந்த் சிங், சத்வந்த் சிங் என்னும் இருவர். ஆனால் அடுத்த சில நாள்களில் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியரின் எண்ணிக்கை அரசுக் கணக்கின்படியே 2,733. திரிலோக்புரி போன்ற ஏழைக் குடியிருப்புகளில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீக்கியரின் வீடுகளை அடையாளம் கண்டார்கள். கழுத்தில் ரப்பர் டயரை மாட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். இதைப் பொதுமக்களின் தன்னெழுச்சியான துக்கம் என்று சொன்னவர்களும் உண்டு. வாக்காளர் பட்டியலைத் தேடி எடுத்துவரும் துக்கத்தை உலகில் வேறெங்கும் கண்டதுண்டா?

பெரிய மரம் ஒன்று சாயும்போது சுற்றியுள்ள நிலம் அதிரத்தான் செய்யும் என்ற கருத்தில் ராஜீவ் காந்தி 1984 நவம்பர் 19 அன்று தில்லியில் பேசினார். தாயை இழந்த மகனின் வேதனையை நாம் மதிக்கிறோம். ஆயினும் அது ஒரு பிரதமர் பேசத்தக்க பேச்சன்று. நிலநடுக்கத்துக்குக் குற்றவாளி கிடையாது. தில்லியில் நடந்ததற்குக் குற்றவாளிகள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான சஜ்ஜன் குமார் என்னும் காங்கிரஸ் தலைவருக்குத் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க 2018 டிசம்பர் வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், விதவைகள் காத்திருக்க நேர்ந்தது.

மறுபுறம் பஞ்சாபில் என்ன நடந்தது? 1989 நாடாளுமன்றத் தேர்தலில் பியாந்த் சிங்கின் மனைவியும் தந்தையும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2024இல் அவருடைய மகன் பரீத்கோட் தொகுதியில் வென்றார். கொலையாளியின் குடும்பத்தார் குற்றவாளிகள் அல்லர். தேர்தலில் நிற்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த வாக்குகளில் பெரும்பகுதி எதற்காக விழுந்தது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். தில்லியின் தீ பஞ்சாபின் வாக்குகளை வளர்த்தது. ஓர் அநீதி மற்றொன்றுக்குச் சாட்சி சொல்லி அதை நியாயமாக்கியது.

தமிழகத்தில் நடந்தது

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தில்லியைப் போலத் தமிழகத்தில் இரத்த ஆறு ஓடவில்லை என்பது உண்மை. அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் தீர்ப்பு மட்டும் அன்றிரவே கூறப்பட்டுவிட்டது. முதலில் அகப்பட்டது திராவிட முன்னேற்றக் கழகம். புலிகளிடம் மென்மையாக நடந்துகொண்டது என்னும் புகாருக்கு ஆளாகி, 1991 ஜனவரி 30 அன்று அதன் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. அந்தப் புகாரைக் கொண்டு தேர்தலில் அக்கட்சியைத் தோற்கடிப்பது மக்களின் உரிமை. ஆனால் கட்சித் தொண்டரின் வீட்டில் கல்லெறிவதும், கட்சி அலுவலகத்துக்குத் தீ வைப்பதும் எந்த உரிமையில் சேரும்? ஏழாண்டு விசாரணைக்குப் பின் கொலைவழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுள் அக்கட்சியின் தலைவர் எவரும் இல்லை.

அடுத்து அகப்பட்டவர்கள் எதிர்த்துப் பேசவும் வலுவற்றவர்கள். 1983 முதல் கடல் கடந்து வந்து மண்டபம் தொடங்கி மாநிலமெங்கும் முகாம்களில் தங்கியிருந்த ஈழத் தமிழ் அகதிகள் அவர்கள். அவர்களுள் பலர் குண்டுவீச்சுக்கும் பசிக்கும் தப்பி வந்தவர்கள். சிலர் புலிகளுக்கே அஞ்சி ஓடிவந்தவர்கள். மே 20 வரை 'நம் தொப்புள்கொடி உறவுகள்' என்று மேடையில் அழைக்கப்பட்ட இம்மக்கள், மே 22 அன்று 'இவர்களை ஏன் உள்ளே விட்டோம்?' என்ற கேள்விக்கு ஆளானார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் ஊர் எதுவென்று விசாரிக்கும் வழக்கம் வந்தது. அவர்களுடைய பேச்சின் இனிய ஒலியே அவர்களுக்கு எதிரான தடயமாயிற்று. கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த இடச்சலுகை பறிக்கப்பட்டது. 1992 ஜனவரி முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர் ஓயாத இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விரும்பியே சென்றனர் என்று அரசு கூறியது; மனித உரிமை அமைப்புகள் அவ்விருப்பத்தை ஐயுற்றன.

இந்த மக்களுள் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த கத்தோலிக்கர் பலர். நம் ஆலயங்களில் நம் அருகே முழங்காலிட்டவர்கள் அவர்கள். பொறியியல் கல்லூரியில் சேர மதிப்பெண் இருந்தும், முகாம் அட்டை வைத்திருந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மாணவனுக்கும் திருப்பெரும்புதூர்க் குண்டுக்கும் என்ன தொடர்பு? 'பாதுகாப்பு' என்று பதில் வரும். பாதுகாப்புக்கு வேண்டியது ஆளை ஆராய்வது. கூட்டத்தைத் தண்டிப்பது அன்று. ஆராயும் உழைப்புக்கு மனமில்லாதபோதுதான் தண்டிக்கும் கை நீளுகிறது.

நியாயம் கற்பித்தவர்கள்

மறு சாராரையும் விட்டுவிடுவதற்கில்லை. 'ராஜீவ் அனுப்பிய அமைதிப்படை எங்கள் மக்களைக் கொன்றது, ஆகவே...' என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துபவர்கள் இவர்கள். முடிக்கத் துணிவில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையின்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள் கற்பனையல்ல. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அந்தக் குருதிக்கு இந்தியா கணக்குச் சொல்லியாக வேண்டும். அதை நாம் உரத்துக் கேட்போம். ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பெரும்புதூர்ப் பந்தலில் காவலுக்கு நின்ற காவலர்களிடம் தீர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை யார், யாருக்கு வழங்கியது? மருத்துவமனையில் இறந்த தாதியும் பந்தலருகே இறந்த காவலரும் ஒருவருக்கொருவர் பகையல்லர். இருவரும் ஆயுதம் ஏந்தியவர்களின் கணக்கில் பலியானவர்கள். ஒருவருக்காக அழுகிறவர் மற்றவருக்காக அழ மறுத்தால், அந்த அழுகையை நாம் எப்படி நம்புவது?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகச் செய்தியாளர்களைச் சந்தித்த விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனிடம் இக்கொலை குறித்துக் கேட்கப்பட்டது. 'துன்பியல் சம்பவம்' என்பதே அங்கிருந்து வந்த விடை. இச்சொற்றொடரை அதன்பின் தமிழகத்தில் எத்தனையோ பேர் எடுத்தாண்டனர். அது செய்யும் வேலையைக் கவனியுங்கள். சம்பவம் தானாக நிகழ்வது, கொலையோ செய்யப்படுவது. கொலை என்றால் கொன்றவன் வேண்டும், ஏவியவன் வேண்டும். சம்பவம் என்றால் எவரும் வேண்டா. அன்று தில்லியில் மரம் சாய்ந்து நிலம் அதிர்ந்தது. இங்குத் துன்பியல் நாடகத்தில் ஒரு காட்சி நடந்தேறியது. இரண்டிலும் செய்தவன் மறைந்துவிட்டான். எதிர்க்கரையில் நின்றவர்கள் ஒரே இலக்கணத்தைக் கையாண்டார்கள்.

நியாயம் கற்பிப்போர் பேச விரும்பாத மற்றொரு செய்தியும் உண்டு. 1989 ஜூலையில் கொழும்பில் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டார். 1990 ஜூன் 19 அன்று சென்னைக் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கத் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள். இவர்கள் தமிழர்கள், ஈழத் தமிழரின் உரிமைக்காகவே வாழ்ந்தவர்கள். கொன்றவர்கள் விடுதலைப் புலிகள். கோடம்பாக்கத்துக் கொலையில் பங்குகொண்ட சிவராசன்தான் பதினொரு மாதம் கழித்துத் திருப்பெரும்புதூருக்கும் ஆள்களைக் கூட்டிவந்தவன். தலைநகரின் நடுவில் பட்டப்பகலெனத் துணிந்து செய்த அக்கொலைக்குத் தமிழகம் எத்தனை நாள் அழுதது? 'அது அவர்களுக்குள் சண்டை' என்று நாளிதழை மடித்து வைத்துவிட்டோம். தமிழனைத் தமிழன் கொன்றபோது எழாத குரல், இந்தியத் தலைவர் கொல்லப்பட்டபோது ஏதிலிகளின்மேல் எழுந்தது. 1990இல் நாம் கொதித்திருந்தால் 1991இல் கொதிக்கும் தேவையே வந்திராமல் போயிருக்கலாம்.

தூக்குக் கயிறும் இனிப்பும்

பொதுமக்களின் சீற்றம் நீதிமன்றத்தின் வாசலையும் தட்டியது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. தக்க தண்டனை என்று பாராட்டியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். பதினாறு மாதங்களுக்குப் பின் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியது? இவ்வழக்குக்குத் தடாச் சட்டமே பொருந்தாது என்றது. 26 பேரில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அன்றைய சீற்றத்தின் விருப்பப்படி கயிறு உடனே இறுக்கப்பட்டிருந்தால், கொலையாளிகள் அல்லாத 19 பேர் நம் பெயரால் மாண்டிருப்பார்கள். இந்த எண்ணை நாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

எஞ்சியவர்களின் கதையும் நேரானதன்று. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி, அதில் ஒரு முக்கியப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014 பிப்ரவரியில் மூவரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், அவ்வாண்டு நவம்பரில் மற்ற அறுவரையும் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

நீண்ட சிறைவாசத்துக்குப் பின் ஒரு தாய் தன் மகனைத் தழுவிக்கொண்டதில் மகிழாத மனம் மனித மனமன்று. ஆனால் அன்று வெடித்த பட்டாசும் பரிமாறிய இனிப்பும் மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தின. விடுதலையை நீதியின் வெற்றி என்று கொண்டாடியவர்களுடன், அதைத் தம் அணியின் வெற்றி என்று கொண்டாடியவர்களும் கலந்து நின்றார்கள். மறுநாள் காங்கிரசார் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இருபுறமும் ஒலிபெருக்கி இருந்தது. இவ்விரு கூட்டங்களுக்கும் இடையே, குண்டில் இறந்த மற்றவர்களின் குடும்பத்தார் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுள் சிலர் எழுவரின் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்தார்கள். அவர்கள் கேட்டதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டுக்குச் சென்று, 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டவர் எத்தனை பேர்?

துக்கத்தை அறுவடை செய்தவர்கள்

அரசியல் கட்சிகளின் கண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். 1984 டிசம்பரில் இந்திராவின் மரணத்தின் பின்னணியில் காங்கிரஸ் 400க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. 1991 ஜூனில் தமிழகத்தில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி 39 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளியது. சட்டமன்றத்தின் 234 இடங்களில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே. 1997 நவம்பரில், ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைச் சுட்டிக்காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்க வேண்டும் என்று கூறி, காங்கிரஸ் குஜ்ரால் அரசையே கவிழ்த்தது. 2004இல் அதே தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்து ஒரே அமைச்சரவையில் அமர்ந்தது. 2002 ஏப்ரலில், பிரபாகரனைப் பிடித்து இந்தியாவிடம் ஒப்படைக்க வேண்டும் எனச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியவர் முதல்வர் ஜெயலலிதா. 2014 பிப்ரவரியில் எழுவரையும் விடுவிப்பதாக அறிவித்தவரும் அவரே.

மனம் மாறுவது தவறன்று. இரக்கத்தின் பக்கம் மாறுவது நன்று. ஆனால் இம்மாற்றங்களுள் எதுவும் தேர்தல் நாள்காட்டியை விட்டு விலகி நடக்கவில்லை என்பதுதான் நம்மை உறுத்த வேண்டும். தலைவர்கள் நம் துக்கத்தை விதைநெல்லாக எடுத்துக்கொண்டார்கள். சினத்தைக் கேட்டபோது சினமும், இரக்கத்தைக் கேட்டபோது இரக்கமும் கொடுத்தோம். எதை, யார்மேல், எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

'தலைவர் கொலையுண்ட வேளையில் மக்கள் கணக்குப் பார்த்தா அழுவார்கள்? துக்கம் இயல்பானதன்றோ?' என்று சிலர் கேட்கலாம். துக்கம் இயல்பானதே. அழுங்கள், கடையை அடையுங்கள், உண்ணாமல் இருங்கள். துக்கம் தன் உடலை வருத்திக்கொள்ளும். அடுத்தவன் வீட்டு முகவரியைத் தேடிப் போவது துக்கமன்று. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

'2009இல் முள்ளிவாய்க்காலில் பல்லாயிரவர் மாண்ட பின்னும் புலிகளின் குற்றத்தைப் பேசலாமா?' என்று வேறு சிலர் கேட்பார்கள். பேச வேண்டும். பேசாததன் விலையை அம்மக்களே கொடுத்தார்கள். அந்த 2009இல், குண்டுமழையில் சிக்கிய குழந்தைகளுக்காக இந்தியாவின் பிற பகுதிகளில் குரல் எழாமல் போனதற்கு, 'அவர்கள்தாமே ராஜீவைக் கொன்றவர்கள்' என்னும் எண்ணமும் ஒரு காரணம். ஓர் இயக்கத்தையும் ஒரு மக்கள் கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க நாம் முதலிலேயே கற்பித்திருந்தால், அந்த எண்ணத்துக்கு இடமே இருந்திராது. புலிகளே தமிழர், தமிழரே புலிகள் என்று முழங்கியவர்கள் அம்மக்களுக்குச் செய்தது உதவியா என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

'அப்படியானால் குற்றவாளிகளைத் தண்டிக்கவே வேண்டாமா?' என்பது மூன்றாவது கேள்வி. தண்டிக்கத்தான் வேண்டும், யார் செய்தார் என்று ஐயமற நிறுவிய பின். எவரைத் தண்டிக்கிறோம் என்பதில் நடுக்கம் வேண்டும். அந்த நடுக்கம் 1998இல் இல்லாமற் போனதைத்தான் 19 பேரின் விடுதலை நமக்குக் காட்டியது.

இழந்தவர்கள் காட்டிய வழி

வியப்பு யாதெனில், நேரடியாக இழந்தவர்கள் பலநேரங்களில் ஊராரைவிடத் தெளிவாக நடந்துகொண்டார்கள். காந்தியடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராம்தாசும் கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாமென்று வேண்டினர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கு நிறைவேறியது. சோனியா காந்தி, நளினிக்கு மரண தண்டனை வேண்டாம் எனத் தெரிவித்தார். 2000இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2008 மார்ச்சில் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று, தம் தந்தையின் கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட நளினியை எதிரே அமர்ந்து சந்தித்தார். அச்சந்திப்பில் கட்சிக் கொடி இல்லை. ஒரு பெண் மற்றொரு பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கொலையாளிக் கூட்டம் என்றோ தியாகக் கூட்டம் என்றோ பெயரிடாமல் ஓர் ஆளை ஆளாகப் பார்த்த அந்தச் செயலைத்தான் நம் பொதுவாழ்வு முப்பது ஆண்டுகளாகச் செய்யாதிருக்கிறது.

மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் சொத்து. அதை அவருக்காக நாம் வழங்க முடியாது. வழங்கக்கூடாது என்று தடுக்கவும் முடியாது. நம் கடமைகள் வேறு. அவை மிக எளியவை.

முதலாவது, மே 21 வரும்போது ஒருவரை மட்டும் நினைக்காமல் பதினாறு பேரையும் நினைப்போம். திருப்பெரும்புதூரில் அழகிய நினைவிடம் இருக்கிறது, நல்லது. பணியில் இருந்தபோது இறந்த அந்த ஒன்பது காவல்துறையினருள் ஒருவரின் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியுமா? இரண்டாவது, கொலையைக் கொலை என்று சொல்வோம். திருப்பெரும்புதூரில் நடந்ததும், யாழ்ப்பாண மருத்துவமனையில் நடந்ததும், கோடம்பாக்கத்தில் நடந்ததும், திரிலோக்புரியில் நடந்ததும் கொலைகளே. அவற்றுள் எதுவும் சம்பவமன்று, நில அதிர்வுமன்று.

மூன்றாவது, இன்னும் தீராத ஒரு கடன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதி முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் சூட்டியது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள்; இலங்கையைக் கண்ணால் காணாதவர்கள். 1991இல் பிறந்திராத அப்பிள்ளைகளுக்கும் அவ்வாண்டின் நிழல் இன்னும் விலகவில்லை. 2019இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெயரை மாற்றியது நல்ல தொடக்கம். ஆனால் குடியுரிமை இல்லாத மறுவாழ்வு எத்தகையது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கும் பொறுப்பு, அவர்களைத் தேர்ந்தெடுத்த நமக்கு இருக்கிறது.

உங்கள் ஊருக்கு அருகிலும் அப்படியொரு முகாம் இருக்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.